நாற்பத்தைந்துக்கு மேல் ஒரு கீறல்

நாரின்
5 நவம்பர் 1986

தம்பி சோரோன்குலுக்கு அக்கா புருல்கானின் சலாம். நானும் மகள் ஜிபாரும் எழுந்து நடமாடுகிறோம், கிடைத்ததைச் சாப்பிடுகிறோம். நீங்கள் ரயில்பாதை போடும் அந்தப் பனியில் உன் கைவிரல் கால்விரல் எல்லாம் இருபதும் இருக்கிறதா என்று முதலில் எழுது.

தந்தி பதினொரு நாள் கழித்துத்தான் கையில் கிடைத்தது என்று எழுதியிருந்தாய். அதற்கு நீ என்ன செய்வாய். உன் மச்சான் யாருக்கும் வேலை வைக்காமல் போனார். டெப்போவில் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கை துடைக்கத் துணி கேட்டாராம். துணி எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சுதான் என்றார் டாக்டர். நாற்பத்தேழு வயது.

போன வாரம் நாற்பதாம் நாளும் முடிந்தது. அவர் உடலைக் குளிப்பாட்டிய நான்கு பேருக்கும் அவருடைய துணிமணிகளைக் கொடுத்தார்கள். அவருடைய அண்ணன், என் மூத்தார்தான், "தம்பி ஜபாருக்குத் துணி என்ன பெரிய துணி, அவனுக்குச் சொத்தே அந்த இரும்புதான், அதையும் குடுங்க" என்று சொல்லிவிட்டார். நான் துக்கத்துக்குப் போட்ட கூடாரத்துக்குள்ளே சுவர்க் கம்பளத்தைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக் கொடுப்பது காதில் விழுந்தது. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸும் அரங்களும் ஒருவருக்கு. பெரிய சாக்கெட் பெட்டி ஒருவருக்கு. பேரிங் இழுக்கும் புல்லரும் ஜாக்கியும் ஒருவருக்கு. அந்த டார்க் ரெஞ்ச் எசனாமானுக்கு. எண் வைத்து நட்டை முறுக்கினால் அளவு வந்ததும் டக்கென்று சொல்லுமே, கொழுத்த செம்மறி ஒன்றைக் கொடுத்து, மலை தோண்ட வந்த ஆட்களிடம் வாங்கினாரே, அதுதான்.

அப்போது எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. ஒப்பாரியை நிறுத்திவிட்டு ஒரு விதவை இரும்பைப் பற்றிப் பேசினால் ஊர் என்ன சொல்லும். சொல்லவில்லை.

நான் தைத்துக் கொடுத்த கம்பளி உறையும் அதிலிருக்கும் ஸ்பேனர்களும் என்னிடம் இருக்கின்றன. நீ வந்தால் எடுத்துக்கொள். இரண்டரை வருஷமாக வருகிறேன் வருகிறேன் என்கிறாய். உலர்ந்த தயிர் உருண்டை ஒரு பை அனுப்பியிருக்கிறேன். பல்லை உடைத்துக்கொள்ளாமல் தின்னு.

அக்கா புருல்கான்


திந்தா
2 டிசம்பர் 1986

அன்பு அக்காவுக்கும் ஜிபாருக்கும் சோரோன்குல் தலை தாழ்த்தி எழுதுவது. என் உடம்பு சரியாக இருக்கிறது. விரல்கள் இருபதும் உள்ளன. தயிர் உருண்டை வந்து சேர்ந்தது. உன் கையால் உருட்டியது என்று தெரிந்ததும் மூன்று நாள் தின்னாமல் வைத்திருந்தேன்.

மச்சானைப் புதைக்கும்போது ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. இங்கே நடுப்பகலில் லாரிக்கு அடியில் படுத்திருக்கும்போது திடீரென்று அழுகை வருகிறது. கண்ணீர் இமையிலேயே உறைந்துவிடுவதால் அதையும் ஒழுங்காக அழ முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டெப்போவுக்குள் நுழைந்தபோது மச்சான் மூன்று வீல் ஸ்பேனரைத் தரையில் போட்டு, ஒன்றை எடு என்றார். நான் பளபளப்பானதை எடுத்தேன். "பொண்ணு பாக்க வந்தியா, ஸ்பேனர் பாக்க வந்தியா?" என்று கேட்டார். டெப்போ முழுக்கச் சிரித்தது. பிறகு மூன்றையும் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டிக் காட்டினார். மற்ற இரண்டும் கணீரென்றன, நான் எடுத்தது மட்டும் மொத்தென்று கேட்டது. கழுத்தில் மயிரிழை விரிசல். அன்றிலிருந்து எட்டு வருஷம், மச்சான் என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகம் செய்வதே 'பொண்ணு பாக்க வந்தவன்' என்றுதான்.

உன்னிடம் இருக்கும் ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி உறையில் செருகி வை. அடுப்பு இருக்கும் அறைக்கும் வெளி நடைக்கும் மாற்றி மாற்றி வைக்காதே. குளிரிலிருந்து சூட்டுக்கு வந்தால் இரும்பு வேர்த்துத் துருப்பிடிக்கும். சாக்கெட் பெட்டி யாரிடம் போனதோ அவரிடம் சொல், ஆறு மூலை உள்ளதைத்தான் பெரிய நட்டுக்குப் போட வேண்டும், பன்னிரண்டு மூலை போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். வைஸின் மரையில் மண் சேரவிடக் கூடாது. புல்லரின் கால்களை வாரம் ஒருமுறை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரத்தை அரத்தின் மேல் போட்டு வைக்கக் கூடாது.

வேறென்ன. குளிர் அதிகம். ஜிபார் நன்றாகப் படிக்கட்டும்.

உன் தம்பி சோரோன்குல்


நாரின்
18 ஜனவரி 1987

தம்பிக்கு அக்காவின் சலாம். இங்கே எல்லோரும் சுகம்தான், கறுப்பு ஆடு ஒன்றைத் தவிர. அதற்கு இருமல். உன் இருமல் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை எசனாமானுக்கும் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டினேன். வைஸுக்கு வேண்டியதை எழுதினாய், புல்லருக்கு வேண்டியதை எழுதினாய், அரத்துக்குக்கூட ஒரு வரி எழுதினாய். ரெஞ்ச்சைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. எசனாமான் காத்திருந்து காத்திருந்து, "என் பொருள் மட்டும் சோரோன்குலுக்கு ஆகாதா அக்கா? அவனுக்கு வரவேண்டியது எனக்கு வந்துடுச்சுன்னு கோவமா?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான், ஆனால் முகம் வாடிவிட்டது. அடுத்த கடிதத்தில் அவனுக்கு ஒரு வரி எழுது.

அவன் அதைத் துடைப்பதைப் பார்க்க வேண்டும். மகளுக்குத் தைத்த குல்லாயைக் கிழித்து அதில் சுற்றி வைத்திருக்கிறான். பெண்டாட்டி திட்டுகிறாள். தொலோன் கணவாய் தாண்டும் லாரிகளுக்குச் சக்கர நட்டு முறுக்கும் வேலை இப்போது அவனுக்குத்தான். டெப்போ தலைவர் காகிதம் ஒட்டியிருக்கிறார். அந்த ரெஞ்ச்சால் மட்டுமே முறுக்க வேண்டும், எசனாமான் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரியும் கேட்டைத் தாண்டக் கூடாது. "டக்குன்னு அது சொல்ற வரைக்கும் நான் மூச்சே விடறதில்ல அக்கா" என்கிறான். முன்பெல்லாம் சின்ன ஷெட்டில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன்.

அவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் சொல்லலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தான். இரண்டு தரமும் இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். காது மூடும் குல்லாய் போடு.

அக்கா


திந்தா
8 பிப்ரவரி 1987

அக்காவுக்கு வணக்கமும் ஜிபாருக்கு முத்தமும். நான் சுகம். கறுப்பு ஆட்டுக்குப் பால் காய்ச்சிக் கொடு.

இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தெட்டு டிகிரியையும் தாண்டிவிட்டது. இரும்பைச் சுத்தியலால் அடிக்கத் தடை. அடித்தால் தெறிக்கிறது. ஸ்பேனர்களை நெருப்பருகே காட்டித் தொட வேண்டியிருக்கிறது. நேற்று ஒருவனின் உள்ளங்கைத் தோல் கைப்பிடியிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதனால் வேலை குறைவு, ஆட்கள் தங்கும் பாரக்கில் சும்மா இருக்கிறோம். எழுத நேரம் நிறைய இருந்தும் எழுத ஒன்றும் வரவில்லை.

எசனாமான் அண்ணனுக்கு என் சலாம். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

சோரோன்குல்

பின்குறிப்பு: அவர் ரெஞ்ச்சில் எண்ணைப் பார்த்துத்தான் முறுக்குகிறாரா? ஒருமுறை வைஸில் பிடித்து, கைப்பிடியில் மாவு மூட்டையைத் தொங்கவிட்டுச் சரிபார்க்கச் சொல். எல்லா ரெஞ்ச்சுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியதுதான். வேறொன்றுமில்லை. ஆனால் சீக்கிரம் செய்யச் சொல்.


நாரின்
9 மார்ச் 1987

தம்பி,

நானும் ஜிபாரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். 

உன் கடிதம் மார்ச் ஆறாம் தேதி வந்தது. பிப்ரவரி இருபத்தாறாம் தேதி ஒமுர்சாக் போய்விட்டான். மேல்தெருவில் ஆட்டுத்தொட்டிக்குப் பக்கத்து வீடு, உனக்கு அவனைத் தெரியும். இருபத்தாறு வயது, நீ போன பிறகு டிரைவர் ஆகியிருந்தான். மாவு ஏற்றிக்கொண்டு தொலோனிலிருந்து இறங்கும்போது முன்பக்க இடது சக்கரம் கழன்றுவிட்டது. பின்னால் வந்த டிரைவர் பார்த்திருக்கிறார். சக்கரம் லாரிக்கு முன்னாலேயே ஓடிப் பள்ளத்தில் விழுந்ததாம். லாரியும் பின்னாலேயே போனது. பெண்டாட்டி சைராகான் கையில் ஏழு மாதக் குழந்தை.

அன்று சாயங்காலமே எசனாமானைக் கூட்டிப்போய்விட்டார்கள். கேட்டில் அவன் கையெழுத்துதானே இருக்கிறது. நட்டை இறுக்காமல் கையெழுத்துப் போட்டான், குடித்திருந்தான் என்று ஆளுக்கொன்று பேசுகிறார்கள். அவன் குடிக்க மாட்டான், உனக்கே தெரியும். வயிற்றுப்புண்காரன். ஒமுர்சாக்கின் அண்ணன்மார் எசனாமான் வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டார்கள். அவன் பெண்டாட்டி மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்து இரண்டு நாள் இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே இருந்தேன்.

சோரோன்குல், உன் பின்குறிப்பைப் பத்துத் தரம் படித்துவிட்டேன். நீ ஏன் அப்படிக் கேட்டாய்?

அக்கா


நாரின், காவல் விடுதி
18 மார்ச் 1987

சோரோன்குலுக்கு எசனாமான் சொல்ல, பக்கத்துக் கட்டில் வாத்தியார் எழுதறது. என் எழுத்து யாருக்கும் புரியாதுன்னு உனக்குத் தெரியும், அதனால நான் பேசறதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கேன். நீ சவுக்கியமா? நான் இருக்கேன். வயித்துக்குத்தான் இங்க குடுக்கற கூழு ஒத்துக்கல.

தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீ ஜபார் அண்ணன்கூட எட்டு வருஷம் இருந்தவன். அந்த ரெஞ்ச்சப் பத்தி அவர் உன்கிட்ட எப்பவாவது ஏதாச்சும் சொன்னாரா? யோசிச்சுப் பாரு.

நான் நாப்பத்தஞ்சுலதான் வெச்சேன். டெப்போவுல மாட்டியிருக்கற அட்டையில அதான் போட்டிருக்கு. எட்டு நட்டு. எட்டுலயும் டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. ஒமுர்சாக் பக்கத்துல நின்னுகிட்டு, "என்னண்ணே, நட்டுகிட்ட ரகசியம் கேக்கறியா, காதை இப்படி வெச்சிருக்க?"ன்னு சிரிச்சான். அவனும் கேட்டான் அந்தச் சத்தத்தை. அவன் இருந்தா சொல்லுவான். இப்ப நான் சொன்னா யாரு நம்பறா. அதிகாரி, "இரும்பு பொய் சொல்லாது, நீதான் சொல்ற"ங்கறார்.

எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தம்பி. ஒருவேளை ஒரு நட்டை விட்டுட்டேனோ, ஏழுதான் முறுக்கினேனோன்னு. கண்ணை மூடினா எண்ணிக்கிட்டே இருக்கேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. எட்டு வருது. திரும்பவும் எண்ணறேன்.

நான் அந்தப் பையனைக் கொன்னேனா இல்லையான்னு எனக்குத் தெரியணும். உள்ள போடறதுகூட அப்பறம். தெரிஞ்சா எழுது.

எசனாமான்


நாரின்
12 ஏப்ரல் 1987

தம்பிக்கு,

நானும் மகளும் நோய்நொடியில்லாமல் இருக்கிறோம். உன்னிடமிருந்து இரண்டு மாதமாக ஒரு வரியும் இல்லை. எசனாமான் உனக்கு எழுதினானாம், அதற்கும் பதில் இல்லையாம். கடிதம் போகும் ரயில் உங்கள் ரயில்பாதையில்தானே ஓடுகிறது. நீங்கள் போடுவது அவ்வளவு மோசமான பாதையா.

போன திங்கட்கிழமை ஒமுர்சாக்குக்கு நாற்பதாம் நாள். சைராகான் பக்கத்தில் உட்கார ஒரு விதவை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போகாமல் இருக்க முடியுமா. கூடாரத்துக்குள் அவள் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். குழந்தை அவள் மடியில் கம்பளத்தின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே ஆண்கள் கொடுக்கிற சத்தம் கேட்டது. கோட்டு இன்னாருக்கு. பூட்ஸ் இன்னாருக்கு. குல்லாய் இன்னாருக்கு. அப்படியே என் வீட்டு நாற்பதாம் நாள் காதில் கேட்டது. அந்த டார்க் ரெஞ்ச் எசனாமானுக்கு.

அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் இப்போது இவள் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டாள். இதை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து நினைத்தேன். நினைத்துக்கொண்டே அவளுக்கு ஒப்பாரியில் அடியெடுத்துக் கொடுத்தேன். எந்த நாக்கால் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் அதிகாரியிடம் போனேன். அந்த ரெஞ்ச் மூன்று வருஷமாகக் கெட்டிருக்கிறது என்று சொன்னேன். எண்ணில் நாற்பத்தைந்து வைத்தால் முப்பத்தைந்திலேயே டக்கென்று சொல்லிவிடும். என் வீட்டுக்காரர் அதைக் கண்டுபிடித்து, ஐம்பத்தைந்துக்குப் பக்கத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார். எப்போதும் எண்ணைப் பார்க்காமல் அந்தக் கீறலில் வைத்துத்தான் முறுக்குவார். "நான் இல்லாட்டி யார் எடுத்தாலும் கீறலைப் பாக்கச் சொல்லு" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். எசனாமான் அந்தக் கீறலைத் தேய்மானம் என்று நினைத்திருக்கிறான். வேறு யாருக்கும் தெரியாது.

நம்பவில்லை. வைஸைக் கொண்டுவரச் சொன்னேன். எண்ணை நாற்பத்தைந்தில் வைத்து, மாவு மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். நாற்பத்தைந்து கிலோவில் சொல்ல வேண்டியது முப்பத்தைந்து கிலோவிலேயே டக்கென்றது. மூன்று தரமும் அதே. அதிகாரி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதை ஏம்மா நீங்க அந்த ஆள்கிட்ட சொல்லல?"

"சொல்லல. தப்பு என்னோடது. எழுதிக்கங்க."

"கெடுத்தது யாரு?"

பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அவரேதான்" என்றேன். "என் வீட்டுக்காரர்தான்."

எசனாமானை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை, ஊரைவிட்டுப் போகக் கூடாது. வாசலில் என்னைப் பார்த்ததும், "எட்டு நட்டுதான் முறுக்கியிருக்கேன் இல்ல அக்கா?" என்று கேட்டான். எட்டுதான் என்றேன். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான்.

டெப்போ வாசலில் நல்ல வேலைக்காரர்களின் படங்கள் மாட்டும் பலகையிலிருந்து உன் மச்சான் படத்தை எடுத்துவிட்டார்கள். கருவி கெட்டதை மறைத்து வைத்தவர் என்று ஆகிவிட்டது. பதினான்கு வருஷம் அங்கே இருந்த படம், பலகையில் அந்த இடம் மட்டும் வெளுக்காமல் சதுரமாகத் தெரிகிறது. ஜிபார் பள்ளிக்கூடத்துக்கு இப்போது டெப்போ வழியை விட்டு ஆற்றோரமாகச் சுற்றிப் போகிறாள்.

நீ நன்றாக இரு.

அக்கா


திந்தா
10 மே 1987

அக்கா,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருவரின் நலம் கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இதை நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். எசனாமான் அண்ணனின் கடிதம் ஐந்து வாரமாகக் கோட்டுப் பையில் இருக்கிறது. அதை எடுத்துப் படித்தேன், மடித்தேன், திரும்ப வைத்தேன். வேறெதுவும் செய்யவில்லை. அந்த மனிதர் அங்கே நட்டை எண்ணிக்கொண்டிருந்தார், நான் இங்கே சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரெஞ்ச்சைக் கெடுத்தது நான்.

1984 ஜனவரி. தொலோன் உச்சியில் ஒரு லாரி நின்றுவிட்டது. மச்சான் என்னை அனுப்பினார். சக்கர நட்டு பனியில் இறுகிப் பாறையாக இருந்தது. என்னிடமிருந்த நட்டு கழற்றும் கம்பி வளைந்துவிட்டது. காற்று வேறு, திரும்பி வந்து வேறு கம்பி எடுத்துப் போகச் சோம்பல். மச்சான் தன் கருவிப் பெட்டியை நான் போன லாரியிலேயே வைத்திருந்தார். அந்த ரெஞ்ச்சை எடுத்து, பிடி நீளுவதற்காகக் கைப்பிடியில் ஜாக்கிக் குழாயைச் செருகி, மேலே ஏறி மிதித்தேன். அது முறுக்குவதற்கு மட்டும்தான், கழற்றுவதற்கு இல்லை, குழாய் போடவே கூடாது. இதைப் பச்சைக் குழந்தைக்கும் சொல்லிக் கொடுக்கும் டெப்போ அது. நட்டு கழன்றது. உள்ளே ஏதோ நொறுங்கிய சத்தமும் கேட்டது. துடைத்து எண்ணெய் போட்டு, கம்பளி உறையில் பழையபடி வைத்துவிட்டேன். நீ தைத்த உறை.

இரண்டு நாள் கழித்து மச்சான் ரெஞ்ச்சை வைஸில் பிடித்து மூட்டை தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். நான் தூண் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூட்டையிலிருந்து மாவை அள்ளி அள்ளிக் குறைத்து, திரும்பத் திரும்பத் தொங்கவிட்டார். பிறகு மெல்லிய அரத்தை எடுத்து ஒரு கீறல் போட்டார். என்னைப் பார்த்தார். "இது கொஞ்சம் களைச்சுப் போயிருக்கு" என்றார். அவ்வளவுதான். யார் எடுத்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான். கேட்டிருந்தாலும் இல்லையென்றே சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைப் 'பொண்ணு பாக்க வந்தவன்' என்று கேலி செய்வதை நிறுத்திவிட்டார். அதைத் தாங்க முடியவில்லை. வசந்த காலத்தில் ரயில்பாதைக்குப் பெயர் கொடுத்தேன். வெளி உலகத்தைப் பார்க்கப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னேன். ஊருக்கு வராமல் இருந்ததும் அதனால்தான்.

நீ பழியை அவர்மேல் போட்டுவிட்டாய். தன் கருவியில் ஒரு துளி மண் பொறுக்காதவர் அவர். ஜிபார் ஆற்றோரமாகச் சுற்றிப் போகிறாள் என்று எழுதியிருக்கிறாய்.

அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். டெப்போ தலைவருக்கு இன்னொரு படி. எசனாமான் அண்ணனுக்குத் தனியாக எழுதினேன். என்ன தண்டனை வந்தாலும் வரட்டும். விடுப்புக் கேட்டிருக்கிறேன். செப்டம்பரில் மச்சானின் வருஷ நாளுக்கு வந்து, ஊர் கூடியிருக்கும்போது என் வாயால் சொல்வேன். நீ என்னை உள்ளே விடுவாயா?

சோரோன்குல்


நாரின்
14 ஜூன் 1987

தம்பி சோரோன்குலுக்கு அக்கா புருல்கான் எழுதுவது. நான் சுகம். ஜிபார் பரீட்சை முடித்துவிட்டாள். கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது. நீ சரியாகச் சாப்பிடு.

எனக்குத் தெரியும்டா. அன்றைக்கே தெரியும். மூட்டை தொங்கவிட்ட அன்று அவர் வீட்டுக்கு வந்து சொன்னார். "உன் தம்பி ரெஞ்ச்சுக்குக் குழாய் போட்டிருக்கான். கைப்பிடியில குழாயோட வாய் பட்ட தடம் இருக்கு." கூப்பிட்டுக் கேட்க வேண்டியதுதானே என்றேன். "அவனா வந்து சொல்லட்டும்னு இருக்கேன்" என்றார். நீ ரயிலேறிய பிறகும் ஒருமுறை கேட்டேன். "சொல்லுவான்" என்றார். இரண்டரை வருஷம் காத்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் கேலியை நிறுத்தியது கோபத்தால் இல்லை. கேலி செய்தால் நீ அதில் ஒளிந்துகொள்வாய் என்று நினைத்தார்.

எசனாமானிடம் நான் சொல்லாததற்கும் காரணம் ஒப்பாரி இல்லை. முதல் நாள் வேண்டுமானால் ஒப்பாரி. அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்ததே. கீறலைப் பார் என்று சொன்னால், யார் கெடுத்தது என்று அவன் கேட்பான். என் தம்பி என்று சொல்ல வேண்டும். உன் பெயரை மூடி வைத்தேன், அதிகாரியிடம்கூட மூடி வைத்தேன். புருஷன் பெயரைக் கொடுத்துத் தம்பி பெயரைக் காப்பாற்றினேன். ஒமுர்சாக்கை அதற்குக் கொடுத்தோம், நீ பாதி, நான் பாதி. இதைச் சைராகானிடம் போன வாரம் சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் தினமும் போகிறேன். தண்ணீர் இறைத்து வைக்கிறேன், சாணம் அள்ளுகிறேன். இன்னும் பேசவில்லை. நேற்றுக் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அதிகாரி உன் கடிதத்தை வாங்கிக்கொண்டார். உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பலகையில் படத்தைத் திரும்ப மாட்டவில்லை. மாட்டுவார்களா என்று தெரியாது. ஜிபாரை உட்காரவைத்து உன் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். அவள் மறுபடியும் டெப்போ வழியாகத்தான் போகிறாள்.

சோதனை முடிந்து ரெஞ்ச்சை எசனாமானிடம் கொடுத்தார்கள். அவன் அதைச் சுற்றியிருந்த குல்லாயோடு கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டான். பிரித்துப் பார்த்தேன். அவர்கள் சோதித்த நாற்பத்தைந்திலேயே அப்படியே இருந்தது, தளர்த்தாமல். உன் மச்சான் ஒருநாள்கூட அப்படி வைத்ததில்லை. உள்ளே ஸ்பிரிங் இறுகி நிற்காமல் இருக்க, கைப்பிடியைச் சுற்றிக் கடைசிக் கீழ் எண்வரைக்கும் தளர்த்தி, எண்ணெய் போட்டு உறையில் வைத்தேன்.

செப்டம்பர்வரை காத்திருக்காதே. விடுப்புக் கிடைத்த அன்றே கிளம்பு. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேராக இங்கே வராதே. முதலில் மேல்தெருவுக்கு, ஒமுர்சாக் வீட்டுக்குப் போ. நான் அங்கேதான் இருப்பேன்.

அக்கா